தோளில் போட்டுக் காட்டுகிறவன்

ஓகஸ்ட் 27

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு கடை வெறிச்சென்று போய்விட்டது. காலையிலிருந்து மூன்று சேலைதான் என் கையால் போனது. பின்னேரம் முதலாளியின் மகள் அருந்ததி மேல்மாடிக்கு வந்து, "தீபன் அண்ணை, எங்கடை பழைய விளம்பரமெல்லாம் எங்கை கிடக்கு?" என்று கேட்டது. கொழும்பில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாகக் கடை விளம்பரங்களை அந்தப் பிள்ளைதான் பார்க்கிறது. அடுத்த மாதம் கடைக்கு அறுபது வயது. பழைய விளம்பரங்களைச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் தொங்கவிடப் போகிறதாம்.

களஞ்சிய அறை அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

ஓகஸ்ட் 29

இரண்டு நாளாகத் தூசி. தும்மல் நிற்கவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க விட்டுவிட்டு வர மனமில்லை.

மிகப் பழையது பத்திரிகையில் வந்த கோட்டுப்படம். ஒருத்தி தலை குனிந்து நிற்கிறாள், புருசன் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறார். 'கணவர் மனம் மகிழ' என்று எழுதியிருக்கிறது. அடுத்தது எழுபதுகளில், வெளிநாட்டுத் துணி வராத காலம். கைத்தறிச் சேலை கட்டின ஒரு பெண் வெங்காயத் தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கிறாள். நேரே எங்களைத்தான் பார்க்கிறாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. படமாளிகையில் காட்டிய கண்ணாடிச் சிலைட் ஒன்றில், மீசைக்காரன் மோட்டார்சைக்கிளில் கால் வைத்து நிற்க, பின்னால் பாதி முகத்தோடு ஒரு பெண். சண்டைக் காலத்துத் துண்டுப் பிரசுரங்களில் முகமே இல்லை. கொப்பித் தாளில் 'சேலைகள் வந்துள்ளன' என்று மட்டும். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு இந்திய நடிகைகள், வெள்ளை வெளேரென்று. பிறகு ஃப்ளெக்ஸ் பலகைகளில் பொம்பிளை மாப்பிளை. மாப்பிளை எப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி வைத்துவிட்டு அருந்ததி சொன்னது:

"அறுபது வருசமா இந்தக் கடையிலை சாறி விக்கிறது ஆம்பிளையள். ஒரு படத்திலையாவது சாறியைத் தொட்ட ஆம்பிளை இருக்கோ, பாருங்கோ அண்ணை."

பார்த்தேன். இல்லை. இருபத்து மூன்று வருசமாக நான் நாளுக்கு நாற்பது சேலை தோளில் போட்டுக் காட்டுகிறேன். எனக்கே இது தோன்றவில்லையே?

செப்ரெம்பர் 3

அருந்ததி கமராவோடு வந்தது. "சும்மா வழமைபோல செய்யுங்கோ அண்ணை, என்னைப் பாக்காதேங்கோ."

ஒரு அம்மாவுக்கு மயில்பச்சைக் காஞ்சிபுரம் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையை இடது தோளில் விட்டு, கொசுவத்தை விரலில் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் எடுத்திருக்கிறது. பிறகு படத்தைக் காட்டி, "போடலாமோ?" என்றது. பேப்பரில் ஒரு மூலையில் வரும் என்று நினைத்தேன். ஓம் என்றேன்.

செப்ரெம்பர் 14

மருதனார்மடச் சந்தியில் நிற்கிறேன். நானில்லை, என் படம். இரண்டு மாடி உயரம்.

காலையில் உடுவிலில் இருந்து சைக்கிளில் போனபோது, முதலில் சேலையின் பச்சைதான் தெரிந்தது. பிறகு என் கை. பிறகு முகம். கீழே 'உங்களுக்கு எது பொருந்தும் என்று இவருக்குத் தெரியும்' என்று ஒரே ஒரு வரி. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். மரக்கறிச் சந்தைக்கு வந்த சனம் மேலே பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

உண்மையைச் சொன்னால், படம் வடிவாக இருந்தது. அதை யாரிடம் சொல்ல?

செப்ரெம்பர் 15

மகள் ஆரபி இன்றைக்கு ரியூசனுக்குப் போகவில்லை. தலையிடி என்றாள்.

செப்ரெம்பர் 16

காங்கேசன்துறையில் இருந்து எங்கள் மூத்தவர் சுதாகரன் அண்ணை போன் எடுத்தார். சுகம்கூடக் கேட்கவில்லை.

"டேய், உனக்கு விசரோ? சந்தியிலை சாறியைச் சுத்திக்கொண்டு நிக்கிறாய்."

"சுத்தேல்லை அண்ணை. தோளிலை போட்டிருக்கிறன். அதுதானே என்ரை வேலை."

"கடைக்குள்ளை செய். ஆர் கேட்டது? துறையிலை பெடியள் படத்தைப் போனிலை வைச்சுக்கொண்டு என்னட்டைக் காட்டிச் சிரிக்கிறாங்கள். அப்பா புயலுக்கை வள்ளம் கொண்டுபோன மனிசன். அந்தாளின்ரை பிள்ளை நீ."

போனை வைத்துவிட்டார். பதில் இப்போதுதான் வருகிறது. அண்ணை, தொண்ணூறிலை எங்களை ஊரை விட்டுக் கலைக்கேக்கை எனக்குப் பதினாலு வயசு. கடற்கரை முழுக்க ஆமிக்காரன் வேலி போட்டிருந்தான். எந்தக் கடலுக்குப் போயிருப்பன்? இடம்பெயர்ந்து நிண்டவனைக் கூப்பிட்டு வேலை தந்தது இந்தக் கடைதானே. நீங்கள் திரும்பிப் போய் வள்ளம் வாங்கினியள். நான் போகேல்லை. எனக்கு இந்த வேலை பிடிச்சுப்போச்சுது.

பிடிச்சுப்போச்சுது — இதை எழுதவே கை கூசுகிறது. ஏன்?

செப்ரெம்பர் 19

ஆரபிக்குத் தலையிடி இல்லை. மனைவி பராசக்தி கேட்டுக் கேட்டுப் பிள்ளையின் வாயைத் திறக்க வைத்துவிட்டாள். ரியூசன் வாசலில் பெடியள் 'சாறி அங்கிளின்ரை மகள்' என்று கத்துகிறார்களாம். ஒருவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் இடுப்பை ஆட்டி நடந்தானாம்.

"அப்பா, அதைக் கழட்டச் சொல்லுங்கோ. எனக்கு வருசக் கடைசியிலை சோதனை." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பிறகு பராசக்தி குசினியில் வைத்து மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, உங்களைக் கேட்டுத்தானே போட்டவை?"

"ஓம்."

"அப்ப என்னையும் ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான்.

செப்ரெம்பர் 24

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதவேண்டும்.

மத்தியானம் வாசல் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் நின்றார். உயரம், நீலச் சல்வார், தோளில் பை. உள்ளே வருவதும் திரும்புவதுமாக இருந்தார். காவலாளி எழும்பப் பார்த்தான். நான் படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். கூப்பிட ஒரு சொல் வேண்டும். தம்பியோ, தங்கச்சியோ? பிறகு, "வாங்கோ தங்கச்சி, மேலை வாங்கோ" என்றேன்.

அந்த முகம் மாறினதை எப்படி எழுதுவேன்.

கோபிகா என்று பெயர் சொன்னாள். கீரிமலை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறாள். அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, நவம்பரில் சாமத்தியவீடு. வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒன்பது வருசம். இப்போதுதான் அக்கா முதன்முதலாக வரச்சொல்லியிருக்கிறா.

"'நீ எப்பிடி வந்தாலும் வா' எண்டா. அப்ப சாறியோட போவம் எண்டு நினைச்சன். முந்தி வேறை ஆக்களைக் கொண்டுதான் வாங்குவிக்கிறனான். சந்தியிலை உங்கடை படத்தைப் பாத்துத்தான் இஞ்சை வந்தனான்."

முதலில் பளிச்சென்ற சிவப்பையே கேட்டாள். அவளுடைய நிறத்துக்கு அது சண்டை பிடிக்கும். நாவற்பழ நிறத்தில் மெல்லிய சரிகைக் கரை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன். பிறகு அவள் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். உயரமான ஆளுக்குக் கொசுவம் அகலமாக எடுக்கவேண்டும். எடுத்துக் காட்டினேன். பக்கத்துப் பகுதிப் பெடியள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு பார்வை பார்த்தேன். போய்விட்டார்கள்.

அவள் கண்ணாடியை விட்டுக் கனநேரம் அசையவில்லை. அதையே எடுத்தாள். காசைக் கட்டி, சட்டை தைக்கச் சேலையையும் கடையிலேயே விட்டாள். ஒக்டோபர் எட்டாம் திகதி வரச்சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தோம்.

படம் சந்தியில் நிற்பதற்கு இன்றைக்கு மட்டும் கவலைப்படவில்லை.

ஒக்டோபர் 2

முதலாளி சீவரத்தினம் ஐயா அறைக்குக் கூப்பிட்டார். சிரித்த முகம்.

"தீபன், நீர் இப்ப பெரிய ஆள். ஃபேஸ்புக்கிலை சனம் உம்மைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு! இதை விடக்கூடாது. தீபாவளிக்கு ஒரு வீடியோ எடுப்பம்."

கதையை அவரே சொன்னார். மனைவி வரப் பிந்துகிறாள், புருசன் ஆசையில் அவளுடைய தீபாவளிச் சேலையை உடுத்துப் பார்க்கிறான், மாமியார் கண்டுவிட்டுத் தும்புத்தடியால் அடிக்கிறா. பொய்முடி, லிப்ஸ்ரிக் எல்லாம் போடவேண்டுமாம்.

அருந்ததி மூலையில் நின்றது. "அப்பா, முதல் படத்தை நாங்கள் சிரிப்புக்கு எடுக்கேல்லை" என்றது.

"சனம் சிரிக்குது பிள்ளை. நீ எதுக்கு எடுத்தாலென்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஒக்டோபர் 4

ஓம் என்றுவிட்டேன்.

போக்கிடம் இல்லாமல் நின்றபோது வேலை தந்த மனிசன். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் சொல்லவில்லை. ஒரு நாள் கூத்துத்தானே. சனம் எப்படியும் சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரித்தால் அடங்கிவிடும் — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒக்டோபர் 8

நடந்ததை எழுத விருப்பமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடை திறந்த கையோடு மேல்மாடியில் படப்பிடிப்பு. சிவப்புச் சேலை, கைவைத்த சட்டை, மல்லிகைப்பூச் செருகிய பொய்முடி. நெஞ்சுக்கு இரண்டு தோடம்பழம். முதலாளியின் கூட்டாளிகள் இரண்டு பேர் கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள்.

"நெளிஞ்சு நடவும் தீபன். இன்னும் கொஞ்சம். பொம்பிளையெண்டால் இப்பிடியோ நடக்கிறது?"

நடந்தேன். சிரித்தார்கள். திரும்பி நடந்தேன். தோடம்பழம் ஒன்று விழுந்து உருண்டது. இன்னும் சிரித்தார்கள்.

பழம் போன பக்கம் பார்த்தால் படியில் கோபிகா. கையில் நாங்கள் எழுதிக் கொடுத்த துண்டு.

எட்டாம் திகதி. நான்தான் வரச்சொன்னேன். நான்தானே!

அவள் என் வாயைப் பார்த்தாள், அந்தச் சிவப்பை. துண்டைப் படிக்கட்டுக் கைபிடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அங்கிருந்த ஒருவர், "அந்தா ஒரிஜினல் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். லேஞ்சியால் துடைக்கத் துடைக்க வாய் முழுக்கப் பரவியது. என் காற்சட்டை சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

"என்ன தீபன், நல்லா வந்துகொண்டிருந்தது."

"ஏலாது ஐயா."

"என்ன ஏலாது? சந்தியிலை சாறியோட நிக்க ஏலும், இது ஏலாதோ?"

"அது என்ரை வேலை ஐயா. இது என்ரை வேலையைப் பாத்துச் சிரிக்கிறது."

அவருடைய முகம் இறுகியது. "அப்ப நாளையிலிருந்து கீழை போம். பள்ளிக்கூட உடுப்புப் பகுதியைப் பாரும்."

சரி என்றேன். ஆனால் சொல்லவேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். படியில் நின்றவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. கோழை.

ஒக்டோபர் 10

வெள்ளைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில் நிற்கிறேன். சீசன் இல்லை. ஆளும் இல்லை. எடுத்த மட்டும் வீடியோ அவர்களிடம் இருக்கிறது. அதைப் போடுவார்களோ? போன் மணி அடித்தால் முதலில் ஃபேஸ்புக்கைத்தான் திறந்து பார்க்கிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பராசக்தி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். ஆரபி அறை வாசலில் நின்று கேட்டாள்: "நடுவிலை நிப்பாட்டினதோ?"

"ஓம் பிள்ளை."

"முதலே மாட்டன் எண்டிருக்கலாம்."

கதவைச் சாத்தவில்லை. சாத்தாமல்தான் போனாள்.

ஒக்டோபர் 13

தையல் பகுதியில் கேட்டேன். கோபிகாவின் சட்டையும் சேலையும் அப்படியே கிடக்கின்றன. போன் அடித்தால் எடுக்கிறாள் இல்லை.

ஒக்டோபர் 15

அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோபிகாவின் சேலையையும் சட்டையையும் பார்சல் கட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். காங்கேசன்துறைப் பக்கம் திரும்பவில்லை. அண்ணை வீட்டைக் கடக்கத் தைரியமில்லை.

இடியப்பம் அவிக்கிற வீடு என்று விசாரித்தேன். கேணியடிக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. அவித்த மாவின் வாசம் ஒழுங்கை வரைக்கும் வந்தது. வாசலுக்கு வந்தாள். இருக்கச் சொல்லவில்லை.

"ஏன் கொண்டந்தனீங்கள்? நான் கேட்டனானோ?"

"காசு கட்டினது. தைச்சும் முடிஞ்சுது. கடையிலை கிடந்து என்ன செய்யிறது?"

"அண்ணை, அந்தப் படத்தைப் பாக்க நான் மூண்டுதரம் பஸ்ஸிலை வந்தனான். ஒரு ஆம்பிளை சாறியோட நிக்கிறான், சிரிப்புக்கு இல்லை, மரியாதையா நிக்கிறான். எங்கடை ஊரிலை! அதை நம்பி உள்ளுக்கை வந்தனான். நீங்களும் கடைசியிலை நெளிஞ்சு காட்ட வெளிக்கிட்டியள்."

"நடுவிலை நிப்பாட்டிப்போட்டன் தங்கச்சி."

"என்னைக் கண்டாப்பிறகோ, காண முன்னமோ?"

வேலியில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. முன்னமே நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திராது.

"கண்டாப்பிறகுதான்."

கையை நீட்டிப் பார்சலை வாங்கினாள்.

"பொய் சொல்லேல்லை. அது போதும். போயிட்டு வாங்கோ."

சாமத்தியவீட்டுக்கு உடுத்துக்கொண்டு போவாளா? கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

ஒக்டோபர் 16

மத்தியானம் அருந்ததி கீழே வந்தது. துணி பார்க்கிறமாதிரி நின்று மெதுவாகச் சொன்னது: "வீடியோவை அழிச்சுப்போட்டன் அண்ணை. கமரா பழுதெண்டு அப்பாக்குச் சொல்லியிருக்கிறன். அண்டைக்கே நிப்பாட்டியிருக்கவேணும். நானும் பேசாமல் நிண்டிட்டன்."

எட்டு நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 18

வேறு வீடியோ வந்துவிட்டது. யூரியூப் செய்கிற ஒருவனைப் பிடித்து அதே கதை, அதே தும்புத்தடி. சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சந்தியில் என் படமும் இறங்கிவிட்டது. தலை சரித்து விளக்கேற்றுகிற ஒரு நடிகையைப் போட்டிருக்கிறார்கள். மாடிப்படிச் சுவரில் தொங்குகிற, தலை குனிந்தவளின் அந்தப் பழைய கோட்டுப்படமும் இதுவும் ஒன்றுதான். நிறம் மட்டும் கூட.

ஆரபியிடம் படம் இறங்கிவிட்டதைச் சொன்னேன். "கண்டனான்" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டு, "அது இதைவிட நல்லாயிருந்தது" என்றாள்.

நவம்பர் 9

சாமத்தியவீடு போன கிழமையாக இருக்கவேண்டும். ஒரு செய்தியும் இல்லை.

டிசெம்பர் 21

அண்ணை இன்னும் கதைக்கவில்லை. நான் எடுத்தால் அண்ணிதான் பேசுகிறா. "கடலுக்குப் போயிட்டார்" என்கிறா. பின்னால் அவருடைய இருமல் கேட்கிறது.

ஜனவரி 3

பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது. காலையிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் வாசல்வரைக்கும் வரிசை. அளவு நாடாவைக் கழுத்தில் இருந்து எடுக்க நேரமில்லை.

பதினொரு மணி இருக்கும். "அண்ணை, மேலை போனன், நீங்கள் இல்லையாம்" என்று ஒரு குரல். கோபிகா.

"என்னை இஞ்சை மாத்திப்போட்டினம் தங்கச்சி. மேலை பெடியள் காட்டுவாங்கள்."

"எனக்கு அவங்கள் வேண்டாம். நீங்கள் காட்டுங்கோ."

"எப்பிடி? இஞ்சை வெள்ளைத் துணிதான் கிடக்கு."

"அப்ப கீழை கொண்டுவரச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்."

வரிசையைப் பார்த்தேன். மேலே ஆள் அனுப்பி ஏழெட்டுச் சேலை எடுப்பித்தேன். மேசையில் கிடந்த வெள்ளைத் துணியைத் தள்ளிவிட்டு, கடல்நீலம் ஒன்றை விரித்துத் தோளில் போட்டுக் கொசுவம் பிடித்தேன். கை மறக்கவில்லை. தாய்மார் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இரண்டாவதாக நின்ற மனிசி, "தம்பி, உந்த நீலத்திலை இன்னொண்டு இருக்கே?" என்று கேட்டா.

முதலாளி படியில் இறங்கி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பார்த்தார்.

அவள் எடுத்த நீலத்தைப் பேப்பரில் சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டேன், கேட்கக்கூடாது என்று நினைத்ததை: "அந்த நாவற்பழ நிறம் உடுத்தனீங்களோ?"

"உடுத்தன். ஒருக்காத்தான்." பையின் வாரைச் சரிசெய்தாள். "அடுத்தநாள் அக்கா 'உது எனக்குத்தான் வடிவு' எண்டு சொல்லிப் பறிச்சுப்போட்டா. கேட்டால் தாறா இல்லை. அதுதான் இப்ப இன்னொண்டுக்கு அலையிறன்."

அவள் போனபிறகு முதலாளி மேசைக்குக் கிட்ட வந்தார். "நாளைக்கு மேலை வாரும், தீபன்."

"பள்ளிக்கூடச் சீசன் முடியட்டும் ஐயா. இஞ்சை ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

வரிசையைப் பார்த்தார். பிறகு, "சரி, முடிச்சுப்போட்டு வாரும்" என்றார்.

அந்த மனிசிக்கு நீலத்தில் இன்னொன்று எடுப்பித்துக் கொடுத்தேன். பிறகு அவவின் பிள்ளைக்கு இடுப்பு அளவு எடுத்தேன்.